குழாயடிக் கேள்விகள்

தண்ணீர் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, குடிநீர் வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார்.

வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போயிருந்தோம். திரும்பி வந்தால் தண்ணீர்க் கட்டணம் வழக்கத்தைவிட அதிகம். மீட்டர் சரியாகத்தான் இருக்கிறது என்று அடித்துச் சொல்கிறார்கள். யாரிடம் முறையிடுவது?

முதலில் உங்கள் மீட்டரிடமே முறையிடுங்கள். வீட்டுக் குழாய் எல்லாவற்றையும் மூடிவிட்டு, எந்தத் தொட்டியும் நிரம்பிக்கொண்டிருக்காத நேரமாகப் பார்த்து மீட்டர் மூடியைத் திறங்கள். பல மீட்டர்களில் எண்களுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பல்சக்கரமோ சிவப்பு முக்கோணமோ இருக்கும். அது லேசாக அசைந்தால்கூட எங்கேயோ தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். அடுத்து, வீட்டுக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் வால்வை மூடிப் பாருங்கள். சக்கரம் நின்றுவிட்டால் கசிவு வீட்டுக்குள். நிற்காவிட்டால் மீட்டருக்கும் வால்வுக்கும் நடுவே, மண்ணுக்கடியில். முறை வைத்துத் தண்ணீர் விடும் ஊராக இருந்தால், தண்ணீர் வந்துகொண்டிருக்கும்போதுதான் இதைச் செய்ய வேண்டும். தண்ணீருக்கு முன்னால் வரும் காற்றும் மீட்டரைச் சுற்றிவிடும்.

வீட்டுக்குள் என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது கழிவறை ஃபிளஷ் டேங்கைத்தான். சொட்டும் குழாய் சத்தம் போட்டுத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். ஃபிளஷ் டேங்க் அப்படியில்லை, நாள் முழுக்க ஓசையில்லாமல் ஒழுகும். டேங்க் மூடியைத் திறந்து, துணிக்குப் போடும் நீலத்தில் நாலு சொட்டு விட்டு, கால் மணி நேரம் யாரும் ஃபிளஷ் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கீழே பீங்கானில் நீலம் தெரிந்தால் அடியில் இருக்கும் ரப்பர் அடைப்பான் போய்விட்டது. அப்புறம் தொட்டிகளின் மிதவை வால்வு. அது மூடாமல் நின்றால் உபரிக் குழாய் வழியாகத் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும்.

இதிலெல்லாம் ஒன்றும் அகப்படவில்லை என்றால் மீட்டரைச் சோதித்துத் தரச் சொல்லி எழுதிக் கொடுங்கள். ஆனால் ஒன்று: பற்சக்கரம் வைத்த பழைய மீட்டர் தேயத் தேயப் பெரும்பாலும் குறைத்துத்தான் காட்டும். சோதனை உங்களுக்குச் சாதகமாக முடியும் என்று ரொம்ப நம்பிவிடாதீர்கள்.

குழாயைத் திறந்தால் தண்ணீர் பால் மாதிரி வெள்ளையாக வருகிறது. குளோரினை அள்ளிக் கொட்டிவிட்டார்களா?

கண்ணாடித் தம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் வையுங்கள். அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்துகொண்டே வந்தால் அது வெறும் காற்றுக் குமிழி. தாராளமாகக் குடிக்கலாம். மேலே தெளிந்து அடியில் ஏதாவது படிந்தால் அது மண்ணோ துருவோ. அந்தத் தம்ளரைப் படம் எடுத்துப் புகாரோடு அனுப்புங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் தெருக் குழாய் இணைப்பிலேயே மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறார். எங்களுக்கு வரத்து குறைகிறது, அது தெரிகிறது. வேறு கெடுதல் உண்டா?

உண்டு, அதுதான் பெரிய கெடுதல். மண்ணுக்குள் கிடக்கும் எந்தக் குழாயிலும் ஒரு விரிசல், தளர்ந்த இணைப்பு இருக்கவே செய்யும். உள்ளே அழுத்தம் இருக்கும்வரை தண்ணீர் வெளியே கசியுமே தவிர, வெளியிலிருந்து ஒன்றும் உள்ளே வராது. மோட்டார் உறிஞ்சும்போது இது தலைகீழாகிவிடும். குழாயைச் சுற்றி நிற்கும் நீர் உள்ளே இழுக்கப்படும். பக்கத்திலேயே சாக்கடைக் குழாய் போனால் என்ன உள்ளே வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் உறிஞ்சியதை அவர் மட்டுமா குடிக்கிறார், தெருவே குடிக்கிறது. முறை வைத்துத் தண்ணீர் விட்டு நிறுத்தும் இடங்களில் குழாய் காலியாகும்போதும் இதே ஆபத்து உண்டு.

குளோரின் வாசனை பற்றி இன்னொருவர் கேட்டிருந்தார். அவருக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. கடைக்கோடி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது கணக்கு. வழியில் நுழையும் கிருமியோடு மல்லுக்கட்டுவது அதுதான். வாசனை பிடிக்கவில்லை என்றால் குடத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் வையுங்கள், குறைந்துவிடும். எப்போதும் வரும் வாசனை ஒருநாள் திடீரென்று அறவே இல்லாமல் போனால்தான் நான் கவலைப்படுவேன்.

எங்கள் குடியிருப்பில் வாளியில் அளந்து குளிக்கிறோம். தெருமுனையில் குழாய் உடைந்து வாரக்கணக்கில் ஓடுகிறது. பிறகு நாங்கள் மட்டும் எதற்காக மிச்சம் பிடிக்க வேண்டும்?

உங்கள் கோபத்தை நான் இன்னும் கொஞ்சம் கூட்டப் போகிறேன். கண்ணில் படும் உடைப்பு சின்ன விஷயம். யாராவது திட்டுவார்கள், ஆள் வருவான், அடைப்பான். ஊர்த் தண்ணீரைத் தின்பது கண்ணில் படாத கசிவு. பென்சில் தடிமனில், மண்ணுக்கடியில், வருஷக்கணக்கில் ஓடும். அத்தனையும் சுத்திகரித்த தண்ணீர். ஆயிரம் லிட்டர் என்றால் ஒரு டன் எடை. அதை மின்சாரம் செலவழித்து ஏற்றி, மண்ணுக்குக் கொடுக்கிறோம்.

அதைப் பிடிப்பது ராத்திரி வேலை. நாள் முழுக்கத் தண்ணீர் ஓடும் ஊர்களில் விடியற்காலை 2 மணியிலிருந்து 4 மணிக்குள் ஒரு வட்டாரத்துக்குள் எவ்வளவு தண்ணீர் நுழைகிறது என்று பார்ப்பார்கள். ஊரே தூங்கும் நேரத்தில் நுழைவதில் பெரும்பகுதி கசிவுதான். வால்வுகளை ஒவ்வொன்றாக மூடித் தெருவைக் கண்டுபிடித்துவிட்டு, அப்புறம் காதை நம்ப வேண்டும். எங்களிடம் ஒரு ஃபிட்டர் இருந்தார். இரும்புக் கம்பியின் ஒரு முனையை வால்வின் மேல் ஊன்றி, மறு முனையைக் காதோரம் எலும்பில் அழுத்திக்கொண்டு குனிந்து நிற்பார். பக்கத்தில் நிற்பவன் செருப்பைத் தேய்த்தால்கூட முறைப்பார். "சீறுது சார்" என்றால் தோண்டலாம். இரும்புக் குழாயில் அவர் ராஜா. பிளாஸ்டிக் குழாய் சத்தத்தைச் சரியாகக் கடத்தாது, அங்கே அவருக்கும் திண்டாட்டம்தான்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்டால், கம்போடியாவின் நொம்பென் நகரைப் பாருங்கள். பல வருட உள்நாட்டுப் போரில் நொறுங்கிய ஊர் அது. 1993-இல் எக் சோன் சான் அங்கே குடிநீர் நிறுவனத்தின் பொறுப்பை ஏற்றபோது, அனுப்பிய தண்ணீரில் 72 சதவீதம் கணக்கில் வராமல் போய்க்கொண்டிருந்தது. கசிவும் உண்டு, திருட்டும் உண்டு. எல்லா இணைப்புக்கும் மீட்டர் வைத்தார். பெரிய மனிதர்கள் வீட்டையும் விடவில்லை. கள்ள இணைப்புகளைத் துண்டித்தார், கசிவைக் குறைத்த ஊழியருக்கு ஊக்கத்தொகை கொடுத்தார். பதினைந்து வருஷத்தில் இழப்பு 6 சதவீதம் அளவுக்கு இறங்கியது. ஒரு நாளில் சில மணி நேரம் வந்த தண்ணீர் 24 மணி நேரமும் வர ஆரம்பித்தது. 2006-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? "ரோட்டில் தண்ணீர் ஓடுது" என்று மட்டும் புகார் கொடுக்காதீர்கள். எந்தக் கதவு எண்ணுக்கு எதிரில், எப்போதிலிருந்து, தெளிவாகவா கலங்கலாகவா என்று சொல்லுங்கள். முறைத் தண்ணீர் விடும் ஊரில், தண்ணீர் விடும் நேரத்தில் மட்டும் ஓடுகிறதா என்பது முக்கியம். அப்படி ஓடினால் அது குடிநீர்க் குழாய். எந்நேரமும் ஓடினால் சாக்கடையாகவும் இருக்கலாம், வேறு ஆளை அனுப்ப வேண்டும். புகார் எண்ணையும் தேதியையும் சங்கத்தின் நோட்டில் குறித்து வையுங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப உடைந்தால், பட்டி போட்டு அடைத்தது போதும், அந்தத் துண்டுக் குழாயையே மாற்றுங்கள் என்று கேட்க அந்த நோட்டுதான் ஆதாரம். நான் பதவியில் இருந்தபோது என்னைப் பயமுறுத்தியது ஊர்வலம் இல்லை, தேதி போட்ட நோட்டு.

உங்கள் வாளிக் கணக்கு அந்த உடைப்பை ஈடுகட்டாது. ஆனால் உங்கள் மேல்தொட்டி ஒருநாள் கூடுதலாகத் தாங்கும். அதற்காகவாவது விட்டுவிடாதீர்கள்.

யார் யார் எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்று வீட்டு எண்ணோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டலாமா? சங்கத்தில் சண்டையே நடக்கிறது.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் 2018-இல் அணைகள் வற்றி, குழாய்களை மூட வேண்டிய நாள் நெருங்கியபோது, நகராட்சி இணையத்தில் ஒரு வரைபடம் போட்டது. மாதம் 10,500 லிட்டருக்குள் செலவழித்த வீடுகளுக்குப் பச்சைப் புள்ளி. சிவப்புப் புள்ளி கிடையாது. அந்த பிப்ரவரியிலிருந்து ஆளுக்கு நாளுக்கு 50 லிட்டர் என்று கட்டுப்பாடு. குழாய் அழுத்தத்தையும் குறைத்தார்கள். நகரத்தின் செலவு மூன்றே ஆண்டுகளில் பாதிக்கும் கீழே வந்தது. எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

நீங்களும் பச்சையை மட்டும் ஒட்டுங்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று போடாமல் ஆளுக்கு இவ்வளவு என்று போடுங்கள். படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கும் வீட்டில் துவைப்பதற்கே எவ்வளவு தண்ணீர் ஆகும் என்பது அந்த வீட்டுக்காரருக்குத்தான் தெரியும்.

கழிவுநீரைச் சுத்திகரித்துக் குடிக்கலாம் என்கிறார்களே, நீங்கள் குடிப்பீர்களா?

குடிப்பேன். நமீபியாவின் வின்ட்ஹூக்கில் 1968-லிருந்தே குடிக்கிறார்கள். சிங்கப்பூரில் 2003-லிருந்து நுண்வடிகட்டி, எதிர்ச்சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.), புற ஊதாக் கதிர் என்று மூன்று கட்டம் தாண்டித்தான் அந்தத் தண்ணீர் வருகிறது. பெரும்பகுதி தொழிற்சாலைகளுக்கு, கொஞ்சம் நீர்த்தேக்கங்களில் கலக்க. ஆற்றோர ஊர்களில், மேலே இருக்கும் ஊர் விட்டதைத்தான் கீழே இருக்கும் ஊர் எடுத்துச் சுத்திகரிக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை.

அப்படி ஒரு நிலையத்தைச் சுற்றிப் பார்க்க வாய்ப்பு கிடைத்தால், கடைசித் தொட்டியின் பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள். தரம் அளக்கும் கருவியில் எண் எகிறினால் எந்த வால்வு தானாக மூடும், கெட்ட தண்ணீர் எந்த வழியாகத் திரும்பும், ராத்திரி அதை யார் கவனிக்கிறார் என்று கேளுங்கள். பதில் சட்டென்று வந்தால் ஒரு தம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு வாருங்கள்.