வள்ளத்துக் கயிற்றில் குகைக்குள் இறங்கலாமா?

கேள்வி: பிரான்சில் கிரெனோபிள் பக்கம் இருக்கும் மச்சான், ஓகஸ்டில் நான் போகும்போது செங்குத்தான குகையொன்றுக்குள் கயிற்றில் இறக்கிக் காட்டுவதாகச் சொல்கிறான். நான் பதினைந்து வருடமாக வள்ளத்தில் கயிறோடு கிடக்கிறவன். இங்கிருந்தே நல்ல கயிறு ஒரு சுருள் கொண்டுபோகலாமா? (வாசகர், கல்லடி)

பதில்: வேண்டாம் தம்பி. உங்கள் வள்ளத்துக் கயிறு தண்ணீரில் மிதக்கும், இல்லையா? மிதக்கிற பிளாஸ்டிக் கயிறெல்லாம் பொலிப்ரொப்பிலீன், பொலிஎதிலீன் வகை. பொலிஎதிலீன் 130 பாகையிலும் மற்றது 165 பாகையளவிலும் உருகிவிடும். வேகமாக இறங்கினால் கயிற்றைப் பிடிக்கிற உலோகச் சாமான் நன்றாகச் சூடாகும். நைலோன் தாங்குவது 220க்கு மேலே. அதிலும் குகைக்கென்று ஸ்டேட்டிக் கயிறு தனியாக இருக்கிறது. அது 5 வீதத்துக்கு மேல் இழுபடக்கூடாது என்பது ஐரோப்பிய நியமம். மலையேறுகிறவர்களின் டைனமிக் கயிறு இழுபடும், அதில் தொங்கி ஏறினால் ஊஞ்சல்தான்.

ஆனால் பாரம் தாங்காமல் கயிறு அறுவதை விட, பாறை விளிம்பில் உரஞ்சி அறுவதுதான் பெரிய பயம். கப்பியில்லாமல் கிணற்றுக்கட்டில் உரஞ்சவிட்ட வாளிக்கயிறு எத்தனை நாள் நின்றது என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். அதனால் கயிறு பாறையைத் தொடுமிடம் வருமுன்பே, சுவரில் இன்னொரு போல்ட் அடித்து, கொஞ்சம் தளர்வு விட்டுத் திரும்பக் கட்டுவார்கள். ரீபிலே என்று பெயர். அந்த முடிச்சைத் தாண்டி இறங்குவதுதான் புதியவருக்குச் சிக்கல். வெளியே ஒரு மரத்தில் கட்டிப் பத்துத் தடவையாவது பழகாமல் உள்ளே போகாதீர்கள், ஏனென்றால் இடையில் சிக்கி அசையாமல் ஹார்னஸில் (உடம்பில் மாட்டுகிற வார்) தொங்கினால் சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம், அதோடு உள்ளே 10 பாகைக்கும் குறைந்த குளிர்.

மேலே இரண்டு போல்ட்டில் பிரித்துக் கட்டும்போது கோணத்தைப் பாருங்கள். மீன் கூடையை இரண்டு பேர் தூக்கும்போது விலகி விலகி நடந்தால் கை கடுக்குமே, அதே கணக்குத்தான்: 120 பாகைக்கு விரிந்தால் ஒவ்வொரு போல்ட்டும் முழுப் பாரத்தையும் சுமக்கும். கயிற்றின் அடி நுனியில் முடிச்சு இருக்கிறதா என்று இறங்குமுன் கேளுங்கள். நீளம் போதாத கயிற்றின் நுனியால் வழுக்கி விழுந்தவர்கள் உண்டு. யாரோ முன்பு விட்டுப்போன கயிறு உள்ளே தொங்கினால் தொடவே வேண்டாம், எத்தனை மாரி பார்த்ததோ.

அடுத்தது தண்ணீர். அந்தப் பக்கத்து வெர்கோர் மலை சுண்ணக்கல், தண்ணீர் கரைத்துத்தான் அங்கே குகைகள் உண்டாயின. 1956இல் அங்கேயுள்ள பெர்ஜே குகையில்தான் குகை ஆராய்கிறவர்கள் முதன்முதலாக 1000 மீற்றர் ஆழத்தைத் தாண்டினார்கள். மேலே இடிமழை பெய்தால் நீங்கள் தொங்கிக்கொண்டிருக்கிற அதே குழி அருவியாகிவிடும். 2018இல் கருங்கடலோரத்து அப்காசியாவின் வெரியோவ்கினா குகையில், 2,200 மீற்றருக்கும் அதிக ஆழமானது அது, கீழே தங்கியிருந்தவர்கள் திடீர் வெள்ளத்தில் சாமான்களை விட்டுவிட்டு ஏறித் தப்பினார்கள். கோடைக்காலப் பின்னேரங்களில் அந்த மலைகளில் இடி வழமை. வானிலை சரியில்லை என்றால் அன்று மச்சானோடு கோப்பி குடித்துவிட்டுத் திரும்புங்கள். போகிற வழியில், அவர் தானே எத்தனை குழிக்குக் கயிறு கட்டியிருக்கிறார் என்றும் கேட்டுவையுங்கள். பின்னால் இறங்கிப் பழகியவர் வேறு, முன்னால் கட்டிக்கொண்டு போகிறவர் வேறு.

கேள்வி: நம் அம்பாறையில் இப்படிப்பட்ட குகை இல்லையா? (வாசகி, பொத்துவில்)

பதில்: இல்லை. இங்கே இருப்பது நைஸ் (gneiss) என்கிற கடினமான பாறை, சுண்ணக்கல் போலத் தண்ணீரில் கரையாது. பாணமைக்கு அப்பால் குடும்பிகல என்ற பழைய பௌத்த மடத்தில் இருப்பவை தொங்குபாறைக்குக் கீழான குகைகள். மழைநீர் உள்ளே வடியாமல் நெற்றியில் விளிம்பு வெட்டியிருப்பார்கள், பிராமி எழுத்தும் உண்டு. கயிறு தேவையில்லை. வெயில் ஏறுமுன் போங்கள், யானை நிற்கிறதா என்று பாணமையில் விசாரித்துவிட்டு.