"எல்லாம் விதி" என்று உங்களிடம் சொன்னது யார்?

கேள்வி: வாழ்க்கையில் பெரிய ஏமாற்றம் வரும்போது அதை விதி என்று ஏற்றுக்கொள்வதா, நம் முடிவுகளின் விளைவு என்று எடுத்துக்கொள்வதா?

அண்மையில் யாரோ உங்களிடம் "எல்லாம் விதி, மனதைத் தேற்றிக்கொள்" என்று சொல்லியிருக்க வேண்டும். கேள்வியைக் கேட்ட விதத்திலேயே அது தெரிகிறது. எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் செவிலியர் படிப்புக்கு எனக்கு இடம் கிடைத்தது. சேர்க்கைக் கடிதத்தில் கட்டணம் கட்ட வேண்டிய கடைசி நாளைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு அப்பாவிடம் கொடுத்தேன். அவர் அதை இரண்டாக மடித்துப் பீரோவில், நிலப் பத்திரங்களுக்கு அடியில் வைத்து, "பார்க்கலாம்" என்றார். அந்தப் பணம் சித்தப்பாவின் தொழிலுக்குப் போய்விட்டது என்று எனக்குத் தெரியவந்தபோது கடைசி நாள் கடந்திருந்தது. வீட்டில் பணம் இருந்தது. அது யாருக்குப் போக வேண்டும் என்று பெரியவர்கள் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதன்பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல் ஒன்றையே சொன்னார்கள்: "உனக்குக் கொடுத்துவைத்தது அவ்வளவுதான் அம்மா." பணத்தை வாங்கிக்கொண்ட சித்தப்பாவும் அதையேதான் சொன்னார். பின்னர் அவர் மகனுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது, "இராப்பகலாக உழைத்தான், பலன் கிடைத்தது" என்றார்கள். அவன் உழைத்தது உண்மை, நான் மறுக்கவில்லை. ஆனால் அவனுக்குக் கிடைத்தால் உழைப்பின் பலன், எனக்குக் கிடைக்காவிட்டால் விதி என்று எந்த நியாயத்தில் பிரித்தார்கள்? இன்றுவரை ஒருவரும் எனக்குப் பதில் சொல்லவில்லை.

பின்னாளில் அப்பாவிடமே கேட்டேன். "உன் தலையெழுத்து அப்படி" என்றார். "தலையெழுத்து இல்லை அப்பா, நீங்களும் சித்தப்பாவும் எடுத்த முடிவு" என்றேன். செலவை யார் செய்தாரோ அவர் பெயரில் அல்லவா கணக்கு எழுத வேண்டும்? பெற்றவரை இப்படிக் கேட்கலாமா என்று சிலர் சினந்து எழுதக்கூடும். அவர் படுக்கையில் விழுந்த பிறகு கடைசிவரை உடனிருந்து பார்த்துக்கொண்டவள் நான். எனக்கு அந்த உரிமை உண்டு.

இதை வைத்து எனக்குக் கடவுள் நம்பிக்கையே இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். விதி என்ற சொல்தான் என்னைத் தாங்கிப் பிடித்த காலமும் உண்டு. என் முதல் கரு மூன்றாம் மாதத்தில் கலைந்தது. கனமாக எதையாவது தூக்கினேனா, வேகமாகப் படியேறினேனா என்று ஒவ்வொரு நாளையும் தோண்டித் துருவிக்கொண்டிருந்தேன். மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இது உன்னால் ஆனதில்லை, நம் கையில் இல்லாதது" என்றார். மருத்துவரும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார்: தொடக்க மாதங்களில் கலையும் கருக்களில் சுமார் பாதி, குரோமோசோம் எண்ணிக்கையில் நேரும் பிழையால் கலைகின்றன, தாய் நடந்ததோ படியேறியதோ அதற்குக் காரணம் ஆகாது. அந்த இழப்பில் முடிவெடுத்தவர் என்று யாருமே இல்லை. அதை விதி என்று சொன்னபோதுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

ஆனால் அதே நாட்களில், நான் வேலைக்குத் திரும்பியதும், தன்னம்பிக்கைப் பயிற்சி என்று ஒருவரைப் பேச அழைத்திருந்தார்கள். "உங்களுக்கு நடப்பதெல்லாம் உங்கள் எண்ணங்களின் விளைவு, நல்லதை நினைத்தால் நல்லதே நடக்கும்" என்றார். குழந்தை வேண்டாம் என்றா நான் நினைத்தேன்? பாதியில் எழுந்து வெளியே வந்துவிட்டேன். எதிரே உட்கார்ந்திருப்பவர் எதை இழந்துவிட்டு வந்திருக்கிறார் என்று எண்ணிப் பாராமல் மேடையேறும் இந்தப் பேச்சாளர்கள்மீது எனக்குள்ள ஆற்றாமை இன்னும் தீரவில்லை. கைதட்டல் வாங்கிக்கொண்டு அவர்கள் போய்விடுகிறார்கள். கேட்டவர் வீட்டுக்குப் போய்த் தன்னையே நொந்துகொள்கிறார்.

ஊழை மிஞ்சியது எது என்று கேட்கும் 380ஆம் குறளைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். அது ஊழ் அதிகாரத்தின் கடைசிக் குறள். ஆள்வினையுடைமையின் கடைசிக் குறளான 620ஐயும் அவர்கள் படிக்க வேண்டும். தளராமல் முயல்பவர் அந்த ஊழையே புறங்காண்பார் என்று சொன்னவரும் அதே வள்ளுவர்தான். கிரேக்கத்திலும் சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன் இந்த வழக்கு நடந்திருக்கிறது. பிழைப்பது விதியானால் வைத்தியரை ஏன் அழைக்க வேண்டும் என்று சிலர் வாதிட்டார்கள். விதியை உறுதியாக நம்பிய ஸ்டோயிக் தத்துவ ஞானி கிரிசிப்பஸ், பிழைப்பது விதியானால் வைத்தியரை அழைப்பதும் அதனுடன் சேர்ந்தே விதிக்கப்பட்டது என்று மறுமொழி சொன்னார். விதியை நம்பும் தகப்பனும் கடைசி நாளுக்குள் கட்டணம் கட்டத்தான் வேண்டும் என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

நீங்கள் இழந்தது வேலையா, படிப்பா, உறவா என்று கேள்வியில் குறிப்பிடவில்லை. விருப்பமிருந்தால் எழுதுங்கள். அதில் முடிவெடுத்தவர்கள் யார் யார், அவர்களில் எத்தனை பேர் இன்று உங்களிடம் விதி என்கிறார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அது தெரியாமல் உங்களுக்கு இதற்குமேல் ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.