கண் சிவந்தால் 'கண் வலி'யா, 'மெட்ராஸ் ஐ'யா?

கேள்வி: காலையில் எழுந்தபோது வலது கண் சிவந்து உறுத்தியது. அம்மா 'கண் வலி' என்கிறார், மருந்துக்கடையில் 'மெட்ராஸ் ஐ' என்கிறார்கள். டாக்டரிடம் எதைச் சொல்வது?

பதில்: இரண்டையும் சொல்ல வேண்டாம். கண்ணில் என்ன நடக்கிறதோ அதைச் சொல்லுங்கள்.

நம் ஊர்ப் பேச்சில் 'கண் வலி' என்பது நோயின் பெயர். சிவந்து, பீளை தள்ளி, மண் விழுந்ததுபோல் நறநறத்தால், வலியே இல்லாவிட்டாலும் 'கண் வலி வந்திருக்கு' என்போம். டாக்டருக்கோ வலி என்பது அபாயக் குறி. அங்கேதான் குழப்பம்.

'மெட்ராஸ் ஐ' என்பது வெண்விழியை மூடியிருக்கும் மெல்லிய படலத்தின் தொற்று அழற்சி. பெரும்பாலும் அடினோ வைரஸ் வேலை. (1918-இல் சென்னையில் இந்த வைரஸைக் கண்டுபிடித்ததால் வந்த பெயர் என்று பலரும் எழுதுகிறார்கள். வைரஸைப் பிரித்தெடுத்ததே 1953-இல், அமெரிக்காவில்.) ஒரு கண்ணில் தொடங்கி, ஓரிரு நாளில் மற்றதற்கும் தாவும். நீராக வடியும், காதுக்கு முன்னால் நெறி கட்டலாம். மஞ்சளும் பச்சையுமாகக் கெட்டிப் பீளை கட்டி இமை ஒட்டிக்கொண்டால் பாக்டீரியாவைச் சந்தேகிக்கலாம். இரு கண்ணிலும் அரிப்புதான் பெரிது என்றால் ஒவ்வாமை. ஒரே இடத்தில் ரத்தத் திட்டு, வலியோ பீளையோ இல்லை என்றால் நுண்குழாய் வெடித்த கசிவு. இரண்டு வாரத்துக்குள் கரைந்துவிடும், ரத்த அழுத்தத்தை மட்டும் பார்த்துவிடுங்கள்.

உண்மையிலேயே குத்தும் வலி, பார்வை மங்கல், வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை, தலைவலியோடு வாந்தி, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர் கண் சிவந்தாலே கழற்றிவிட்டுப் போக வேண்டும்.

வைரஸ் தொற்று ஒன்றிரண்டு வாரத்தில் தானே அடங்கும். ஆன்டிபயாடிக் சொட்டு வைரஸைக் கொல்லாது. பழைய சீட்டைக் காட்டி ஸ்டீராய்டு சொட்டு வாங்குவதுதான் பெரிய தவறு: அக்கி வைரஸாக இருந்தால் கருவிழியே புண்ணாகும், தொடர்ந்து போட்டால் கண் அழுத்தமும் ஏறும். தாய்ப்பாலும் வேண்டாம். கொதித்து ஆறிய நீரில் நனைத்த பஞ்சால் துடையுங்கள், கண்ணுக்கு ஒரு பஞ்சு.

மெட்ராஸ் ஐ வந்தவரின் கண்ணைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். பார்த்தால் ஒட்டாது. செங்காந்தளை உற்றுப் பார்த்தால் கண் நோகும் என்று 'கண்வலிப் பூ' எனப் பெயர் வைத்தவர்கள் நாம். அதே நம்பிக்கைதான் இதுவும். பரப்புவது கையும் துண்டும் தலையணை உறையும். கறுப்புக் கண்ணாடி கூச்சத்தைக் குறைக்கும், பரவலைத் தடுக்காது. சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவினால் தடுக்கலாம்.