வாசகர் கேள்வி பதில்: பிங் போகுது, ஆர்பிஜி ப்ரோக்ராம் மட்டும் போக மாட்டேங்குது

கேள்வி: வணக்கம் சார். ஐபிஎம் ஐ (ஐபிஎம்மோட பிசினஸ் சர்வர் சிஸ்டம்) மெஷின்ல ஆர்பிஜிங்கற ப்ரோக்ராமிங் மொழில ஒரு ப்ரோக்ராம். ஃபைல்ல இருந்து சர்வர் பேரை படிச்சு, கெட்ஹோஸ்ட்பைநேம் (பேரை குடுத்தா ஐபி தேடி தர்ற ஃபங்ஷன்) கூப்பிட்டு ஐபி எடுத்து சாக்கெட் கனெக்ட் பண்ணணும், அவ்ளோதான். ஆனா எப்பவும் நல் பாயிண்டர் (மெமரில எந்த இடத்தையும் காட்டாத வெத்து அட்ரஸ்) தான் திரும்பி வருது. அதே பேருக்கு அதே மெஷின்ல பிங் அடிச்சா உடனே பதில் வருது. நெட்வொர்க் டீம் "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு"ன்னு சொல்லி டிக்கெட்டை மூடிட்டாங்க. பேருக்கு ஐபி சொல்ற டிஎன்எஸ்ல என்ன பிரச்சனையா இருக்கும்?

பதில்: டிஎன்எஸ்ல ஒண்ணும் இருக்காது, நெட்வொர்க் டீம் சொன்னது சரி. பிங் போகுதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க, அப்போ அந்த மெஷினுக்கு அந்த பேரை தேடி எடுக்க தெரியும், வித்தியாசம் உங்க ப்ரோக்ராம் எந்த பேரை அனுப்புதுங்கறதுல தான் இருக்கு. ஃபைல்ல அந்த ஃபீல்டு 50 எழுத்து நீளம்னு வைங்க, சர்வர் பேரு 5 எழுத்து, மீதி 45 இடமும் ஸ்பேஸ். ஆர்பிஜிக்கு இது ரொம்ப சாதாரணம், ரெண்டு ஃபீல்டை கம்பேர் பண்ணா கடைசில இருக்கற ஸ்பேஸை அது கண்டுக்கவே கண்டுக்காது. ஆனா கெட்ஹோஸ்ட்பைநேம் சி உலகத்து ஃபங்ஷன், அதுக்கு 0 மதிப்புள்ள பைட் வர்ற வரைக்கும் எல்லாமே பேரு தான். 45 ஸ்பேஸோட சேர்ந்த ஒரு பேரை நீங்க கேக்கறீங்க, அப்படி ஒரு சர்வர் எங்கயும் கிடையாது, அதனால நல் வருது.

நான் சொல்றதை நம்பணும்னு இல்ல, நீங்களே பாருங்க. ஸ்டார்ட் டீபக் போட்டு, அந்த கால் நடக்கற வரிக்கு முன்னாடி பிரேக் பாயிண்ட் வச்சு, இவால் கமாண்ட்ல ஃபீல்டு பேருக்கு பின்னாடி கோலன் எக்ஸ் போட்டா ஹெக்ஸ்ல காட்டும். பேரு டிபிஎஸ்ஆர்வின்னு சின்ன எழுத்துல இருந்தா 84 82 ஏ2 99 ஏ5ன்னு வரும், அதுக்கு அப்புறம் 40 40 40ன்னு வரிசையா ஓடும். இந்த மெஷின் எழுத்துக்கு பயன்படுத்தற எப்சிடிக் குறியீட்டுல 40னா ஸ்பேஸ். சாதாரணமா ஸ்க்ரீன்ல பாத்தா இது கண்ணுலயே படாது, அதனால தான் ஆளுங்க ரொம்ப நேரம் நெட்வொர்க்கையே சுத்தி சுத்தி வர்றாங்க. பிங் ஏன் போகுதுன்னா, சிஎல் கமாண்ட்ல நீங்க டைப் பண்ற பேருக்கு பின்னாடி வர்ற ஸ்பேஸை எல்லாம் கமாண்டே கழிச்சிடும்.

தீர்வு சின்னது தான். ப்ரோட்டோடைப்ல (ஃபங்ஷனுக்கு என்னென்ன அனுப்பணும்னு சொல்ற டிக்ளரேஷன்) அந்த பாராமீட்டரை பாயிண்டர், வேல்யூ, ஆப்ஷன்ஸ் ஸ்டார் ஸ்ட்ரிங்னு டிக்ளேர் பண்ணுங்க, கால் பண்ற இடத்துல ஸ்பேஸை வெட்டற பெர்சென்ட் ட்ரிம் போட்டு அனுப்புங்க. ஸ்டார் ஸ்ட்ரிங் கடைசில 0 பைட்டை தானா சேர்க்கும், ஆனா ஸ்பேஸை வெட்டாது, இந்த ரெண்டும் வேற வேற வேலைங்கறதை நிறைய பேர் கவனிக்கறதில்ல. ஸ்டார் ஸ்ட்ரிங்கோட ஸ்டார் ட்ரிம்மும் சேர்த்து ஆப்ஷன்ஸ்லயே குடுத்துட்டா இன்னும் நல்லது, கால் பண்றவங்க மறந்தாலும் கம்பைலர் பாத்துக்கும். வேரியிங் ஃபீல்டுக்கு (நீளம் மாறக்கூடிய ஃபீல்டு) மாத்திட்டா சரியாகிடும்னு ஒரு நம்பிக்கை இருக்கு, ஆனா ஃபைல் ஃபீல்டை அப்படியே ட்ரிம் இல்லாம வேரியிங்குக்குள்ள போட்டா ஸ்பேஸும் கூடவே போயிடும், நீளம் 50ன்னு தான் பதிவாகும்.

சில பழைய ப்ரோக்ராம்ல பெர்சென்ட் ஆடர் போட்டு ஃபீல்டோட அட்ரஸை நேரா அனுப்பியிருப்பாங்க, உங்களோடது அப்படி இருந்தா அதை முதல்ல எடுத்துடுங்க. அங்க 0 பைட்டே கிடையாது, ஃபீல்டு முடிஞ்சதும் மெமரில பக்கத்துல என்ன இருக்கோ அதையும் சேர்த்து படிக்கும், பக்கத்துல தற்செயலா 0 இருந்தா ஓடும், இல்லன்னா ஓடாது. நேத்து ஓடிச்சு, ரீகம்பைல் பண்ணதும் நின்னுடுச்சுன்னு யாராவது சொன்னா நான் முதல்ல தேடறது இதை தான்.

கேள்வி: எனக்கு நல் வரல, பாயிண்டர் வருது. ஆனா அதுல இருந்து ஐபி எடுக்கும்போது ஒண்ணு எம்சிஎச்3601 எர்ரர் வந்து விழுது, இல்ல சம்பந்தமே இல்லாத ஒரு ஐபி வருது. நெட்ல இருந்த சி உதாரணத்தை பாத்து தான் ஸ்ட்ரக்சர் எழுதினேன்.

பதில்: எம்சிஎச்3601னா பாயிண்டர்ல எதுவுமே செட் ஆகலன்னு அர்த்தம். முதல் காரணம், திரும்பி வந்த பாயிண்டர் நல் தானான்னு செக் பண்ணாம பேஸ்டு ஸ்ட்ரக்சரை (பாயிண்டர் காட்டற இடத்துல உக்கார்ற ஸ்ட்ரக்சர்) தொடறது. உங்களுக்கு சில பேருக்கு மட்டும் இப்படி விழுதுன்னா அது தான். கால் முடிஞ்ச அடுத்த வரியே ஸ்டார் நல்லோட கம்பேர் இருக்கணும், இதுல சமரசம் வேண்டாம்.

ரெண்டாவது, சி உதாரணத்துல இருந்து ஆஃப்செட்டை (ஒவ்வொரு ஃபீல்டும் ஆரம்பிக்கற இடம்) எடுத்துட்டு வந்திருப்பீங்க. மத்த மெஷின்ல பாயிண்டர் 4 இல்லன்னா 8 பைட். இங்க ஐஎல்இ (ஐபிஎம் ஐயோட ப்ரோக்ராம் சூழல்) ப்ரோக்ராம்ல பாயிண்டர் 16 பைட், அது 16ஓட மடங்குல தான் ஆரம்பிக்கணும். அதனால கெட்ஹோஸ்ட்பைநேம் தர்ற ஹோஸ்ட்என்ட் ஸ்ட்ரக்சர்ல பேரோட பாயிண்டர் 1ல இருந்து 16, அலையஸ் லிஸ்ட் 17ல இருந்து 32, அட்ரஸ் டைப் 33ல இருந்து 36, நீளம் 37ல இருந்து 40, அப்புறம் 8 பைட் காலி, அட்ரஸ் லிஸ்ட் பாயிண்டர் 49ல இருந்து 64. அந்த காலி 8 பைட்டை தான் கணக்குல விட்டுடறாங்க. ஆரம்பம் முடிவுன்னு பொசிஷன் போடாம, நீளம் மட்டும் குடுத்து எழுதினா பாயிண்டரை கம்பைலரே சரியான இடத்துல கொண்டு போய் வைக்கும், நான் அப்படி தான் எழுத சொல்வேன்.

மூணாவது தான் உங்க "சம்பந்தமே இல்லாத ஐபி". அட்ரஸ் லிஸ்ட் பாயிண்டர் நேரா ஐபியை காட்டல. அது பாயிண்டர்கள் அடுக்கி வச்ச ஒரு வரிசையை காட்டுது, அந்த வரிசைல முதல் பாயிண்டர் தான் 4 பைட் ஐபியை காட்டும், வரிசை முடியற இடத்துல நல் இருக்கும். அதனால ரெண்டு தடவை இறங்கணும், ரெண்டு பேஸ்டு வேரியபிள் வேணும். ஒரு தடவை மட்டும் இறங்கி நின்னுட்டா பாயிண்டரோட முதல் 4 பைட்டை ஐபின்னு எடுத்துக்குவீங்க. அந்த ஐபி ஃபீல்டு 10 இலக்க அன்சைன்ட் இன்டீஜர்னு வைங்க. எடுத்த உடனே உங்க சொந்த வேரியபிளுக்கு காப்பி பண்ணிடுங்க, ஏன்னா அடுத்த கெட்ஹோஸ்ட்பைநேம் கால் அதே மெமரி மேல எழுதிடும். ஐபியை எழுத்தா மாத்தற ஐநெட்என்டிஓஏ திருப்பி தர்ற ஸ்ட்ரிங்குக்கும் இதே கதை, ரெண்டு ஐபியை ஒரே லாக் வரில எழுத போனா ரெண்டும் ஒண்ணா தெரியறது இதனால தான்.

கேள்வி: சர்வர் ஐபியை மாத்திட்டோம். என்எஸ்லுக்அப்ல புது ஐபி காட்டுது. எங்க ப்ரோக்ராம் இன்னும் பழைய ஐபிக்கே போகுது. கோடுல ஐபி எங்கயும் ஹார்டுகோட் பண்ணல.

பதில்: என்எஸ்லுக்அப் நேரா டிஎன்எஸ் சர்வரை தான் கேக்கும், மெஷின்லயே பேரும் ஐபியும் எழுதி வச்சிருக்கற ஹோஸ்ட் டேபிளை பாக்காது. உங்க ப்ரோக்ராம் ரெண்டையும் பாக்கும். சிஎஃப்ஜிடிசிபி கமாண்ட் போட்டு ஆப்ஷன் 10 எடுங்க, அந்த பேருக்கு யாரோ என்னிக்கோ ஒரு வரி சேர்த்து வச்சிருப்பாங்க, பழைய ஐபி அங்க உக்காந்திருக்கும். ஆப்ஷன் 12ல ஹோஸ்ட் நேம் சர்ச் ப்ரையாரிட்டி லோக்கல்னு இருந்தா டேபிள் தான் முதல்ல. அந்த வரியை எடுத்துடுங்க, ஆனா எடுக்கறதுக்கு முன்னாடி வேற யார் அதை நம்பி இருக்காங்கன்னு விசாரிச்சுட்டு எடுங்க. இந்த மாதிரி நேரத்துல பிங்கையும் என்எஸ்லுக்அப்பையும் ரெண்டும் அடிச்சு பாருங்க, ரெண்டும் வேற வேற ஐபி காட்டினா ஹோஸ்ட் டேபிள் தான்னு கிட்டத்தட்ட உறுதி.

டேபிள் சுத்தமா இருந்தா, ஜாப் எப்போ ஆரம்பிச்சதுன்னு பாருங்க. மாசக்கணக்கா ஓடற பேட்ச் ஜாப், ஆரம்பத்துல ஒரு தடவை ஐபி எடுத்து குளோபல் வேரியபிள்ல வச்சுக்கிட்டு ஒவ்வொரு கனெக்ஷனுக்கும் அதையே பயன்படுத்தும். கனெக்ட் பண்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் புதுசா பேரை கேக்கற மாதிரி மாத்துங்க.

கேள்வி: புதுசா எழுதறவங்க கெட்ஹோஸ்ட்பைநேமே பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டாம். யூனிக்ஸ் மாதிரி சிஸ்டங்களுக்கான பாசிக்ஸ் தரத்துல இருந்து 2008லயே அதை எடுத்துட்டாங்க, ஐபிவி6 அட்ரஸும் அதுல வராது. அதுக்கு பதிலா கெட்ஆடர்இன்ஃபோ எடுத்துக்குங்க. பேரு இல்லையா, இல்ல டிஎன்எஸ் சர்வர் தற்காலிகமா பதில் தரலையான்னு அது திருப்பி தர்ற எண்ணுலயே தெரிஞ்சிடும், பேரே இல்லன்னா யூசருக்கு சொல்லலாம், தற்காலிகம்னா கொஞ்சம் விட்டு திரும்ப கேக்கலாம். கெட்ஹோஸ்ட்பைநேம்ல இதுக்கு வழக்கமான எர்ரர் எண்ணான எர்ர்னோ உதவாது, எச்எர்ர்னோன்னு தனியா ஒண்ணை தேடி எடுக்கணும், ஆர்பிஜில பாதி பேர் அதை பாக்கறதே இல்ல. கெட்ஆடர்இன்ஃபோ குடுக்கற லிஸ்ட்ல முதல் அட்ரஸ் கனெக்ட் ஆகலன்னா அடுத்ததுக்கு போங்க, வேலை முடிஞ்சதும் அந்த லிஸ்டோட மெமரியை விடுவிக்கற ஃப்ரீஆடர்இன்ஃபோ கூப்பிட மறக்காதீங்க, நாள் முழுக்க ஓடற ஜாப்ல அது விட்டுப்போனா மெமரி கொஞ்சம் கொஞ்சமா தின்னுக்கிட்டே போகும். ப்ரோட்டோடைப்ல எக்ஸ்ட்ப்ராக் போட்டு பேரை சின்ன எழுத்துல கோட்ஸுக்குள்ள குடுங்க, இல்லன்னா ஆர்பிஜி பெரிய எழுத்தா மாத்தி தேடும், பைண்ட் ஆகும்போது சிபிடி5டி02 எர்ரர் வரும். ஆங், இங்கயும் பேருக்கு ட்ரிம் வேணும்.