சர்வர் ஒன்று, ஆஸ்பத்திரி நான்கு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஊரில் 30 முதல் 80 படுக்கை வரை உள்ள நான்கு தனியார் மருத்துவமனைகள் சேர்ந்து, ஸ்கேன் படங்களைச் சேமிக்கும் பேக்ஸ் சர்வர் ஒன்றை வாங்க இருக்கிறோம். பெரிய ஆஸ்பத்திரி தன் பெயரிலேயே வாங்கி, மற்ற மூவரிடமும் மாத வாடகை வாங்கிக்கொள்வதாகச் சொல்கிறது. ஒப்புக்கொள்ளலாமா?
- வாசகர், பொள்ளாச்சி

பதில்: வேண்டாம். லைசென்ஸ், பராமரிப்பு ஒப்பந்தம், பேக்கப் இவை யார் பெயரில் இருக்கின்றனவோ, அவர் பிடியில்தான் மற்றவர்களின் படங்களும் இருக்கும். மனக்கசப்பு வந்தால் பாஸ்வேர்டு மாற ஐந்து நிமிடம் போதும்.

2013 கம்பெனிகள் சட்டம் 8-ஆம் பிரிவின்படி லாப நோக்கமற்ற கம்பெனி ஒன்றைப் பதிவு செய்து, எல்லாவற்றையும் அதன் பெயரில் வாங்குங்கள். அதில் யாரும் டிவிடெண்ட் எடுக்க முடியாது என்பதே பாதி சண்டையைத் தவிர்த்துவிடும். எஸ்டோனியாவில் டார்ட்டு பல்கலைக்கழக மருத்துவமனையும் வட எஸ்டோனிய மருத்துவ மையமும் 2005-இல் ஸ்கேன் படங்களுக்குப் பொதுவான ‘படவங்கி’ தொடங்கியபோதும், அதைத் தனி அறக்கட்டளையாகத்தான் வைத்தன.

அன்றாட முடிவுகளுக்கு ஆஸ்பத்திரிக்கு ஒரு வாக்கு. செலவுப் பங்கை மாற்றவோ புதியவரைச் சேர்க்கவோ நான்கில் மூவர் சம்மதம் வேண்டும் என்று எழுதுங்கள். செலவைப் படுக்கைக் கணக்கில் மட்டும் பிரிக்காதீர்கள். ஒரு எக்ஸ்ரே சுமார் 20, 30 எம்.பி.தான், சி.டி. ஒன்று சில நூறு எம்.பி. பிடிக்கும். படுக்கைக் கணக்கில் பார்த்தால், சி.டி.யே இல்லாத 80 படுக்கை பிரசவ ஆஸ்பத்திரி, சி.டி. வைத்திருக்கும் 30 படுக்கைக்காரரின் செலவையும் சேர்த்துச் சுமக்கும். ஆள் சம்பளம், மின்சாரம், பேக்கப் சமபங்கு. சேமிப்பு இடம் ஜி.பி. கணக்கு. இதுதான் நியாயம்.

விலகும் விதியை முதல் நாளே எழுதிவிடுங்கள்: 90 நாள் முன்னறிவிப்பு, படங்கள் முழுவதும், எல்லா ஸ்கேன் சாஃப்ட்வேரிலும் திறக்கும் பொது வடிவமான டைகாமில், கட்டணம் இல்லாமல். சாஃப்ட்வேர் கம்பெனியின் சொந்த வடிவில் வாங்கிக்கொண்டு போனால் வேறெங்கும் திறக்காது.

கேள்வி: இரண்டு ஆஸ்பத்திரிகள் பகிரும் சர்வரின் சோதனை ஓட்டத்திலேயே ஒருவர் பெயரில் இன்னொருவர் படம் வருகிறது. சர்வர் கோளாறா?
- வாசகர், கரூர்

பதில்: சர்வர் மேல் பழி போடாதீர்கள். இரண்டு ஆஸ்பத்திரியும் ஓ.பி. எண்ணை 1-இலிருந்து தொடங்கியிருக்கும். இரண்டு 4521-உம் ஒரே ஆள் என்று சர்வர் நினைத்துவிட்டது. டைகாம் கோப்பில் ‘இந்த எண்ணை வழங்கியது யார்’ என்று எழுதத் தனி இடம் உண்டு. பெரும்பாலும் அதை யாரும் நிரப்புவதில்லை.

முதலில் புதிய படங்கள் ஏறுவதை நிறுத்துங்கள். ஓ.பி. எண்ணுக்கும் ஸ்கேன் வரிசை எண்ணுக்கும் ஆஸ்பத்திரிக் குறியீட்டை முன்னால் சேருங்கள். பலர் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதை மறந்து, மறுபடியும் மாட்டிக்கொள்கிறார்கள். பழைய படங்களைப் பெயர், வயது பார்த்துத் தானாக இணைக்க விடாதீர்கள். ‘லட்சுமி, 54’ ஒரு தாலுகாவில் எத்தனை பேர்! அரசின் சுகாதாரக் கணக்கு எண்ணான 14 இலக்க ஆபா எண் இணைப்புக்கு உதவும். ஆனால் அது நோயாளியின் விருப்பம் என்பதால், அதையே ஒரே அடையாளமாக வைத்துவிட முடியாது.

கேள்வி: பொது சர்வரிலிருந்து தகவல் கசிந்தால் பொறுப்பு யாருக்கு?
- வாசகர், ஈரோடு

பதில்: உங்களுக்குத்தான். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, சர்வரை நடத்தும் பொதுக் கம்பெனி உங்கள் சார்பில் தரவைக் கையாளும் அமைப்பு மட்டுமே. பதில் சொல்ல வேண்டியது ஆஸ்பத்திரி. போதிய பாதுகாப்பு இல்லையென்றால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். சட்டம் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வந்தாலும், பொதுக் கம்பெனியுடன் எழுத்து ஒப்பந்தத்தை இப்போதே போட்டுவிடுங்கள்.

சைபர் தாக்குதல் கண்ணில் பட்ட 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும். யார் எப்போது எதைத் திறந்தார் என்ற லாக் பதிவுகள் 180 நாள் இருக்க வேண்டும். இது 2022 ஏப்ரல் உத்தரவு. நான்கு ஆஸ்பத்திரி இருந்தால் ‘அவர்கள் சொல்லியிருப்பார்கள்’ என்றே அந்த ஆறு மணி நேரமும் போய்விடும். ஞாயிறு இரவு 2 மணிக்குத் தகவல் தர வேண்டியவர் யார், அவர் ஊரில் இல்லையென்றால் அடுத்தவர் யார் என்று இருவர் பெயரையும் கைபேசி எண்ணையும் ஒப்பந்தத்தின் இணைப்பிலேயே சேர்த்துவிடுங்கள்.