போல் வால்ட்: கோச் சொல்லும் நாலு குறையில் எதை முதலில் பிடிப்பது?

கேள்வி: எனக்கு 19 வயது. வலது கை மேலே பிடித்து, இடது காலில் எழும்புகிறேன். ஓராண்டாக 3.60 மீட்டரிலேயே நிற்கிறேன். ஒவ்வொரு தாண்டலுக்கும் பிறகு கோச் நாலு குறை சொல்கிறார்: கால் உள்ளே போகிறது, இடது கை மடங்குகிறது, சீக்கிரம் சுருண்டுவிடுகிறாய், தலை பின்னால் சாய்கிறது. எல்லாவற்றையும் நினைத்துக்கொண்டு ஓடினால் இன்னும் மோசமாகிறது. எங்கே தொடங்குவது?

பதில்: காலில் தொடங்குங்கள். மற்ற மூன்றையும் இப்போதைக்கு விட்டுவிடலாம். அவை அநேகமாகத் தனிக் குறைகளே இல்லை, காலின் விளைவுகள்.

எழும்பும் கால் தரையில் ஊன்றும்போது, நேராக நீட்டிய மேல் கைக்குச் செங்குத்தாகக் கீழே அந்தக் காலின் நுனி இருக்க வேண்டும். அதைத் தாண்டி பாக்ஸ் (ஓடுபாதையின் முடிவில் கோலை ஊன்றும் குழி) பக்கம் கால் விழுந்தால்தான் ‘உள்ளே போகிறது’ என்கிறார்கள். அப்படி விழுந்தால், நீங்கள் தரையை விட்டு எழும்புவதற்கு முன்பே கோலின் நுனி பாக்ஸின் பின்சுவரில் முட்டிவிடும். கோல் உங்கள் தோளைப் பின்னுக்கு வெட்டி இழுக்கும். அந்த அதிர்ச்சியில் இடது கை தானாக மடங்கும். பின்னங்காலை நீளமாக வீச இடம் கிடைக்காததால் உடல் சுருளும், தலை பின்னால் போகும். கால் தரையில் இருப்பது வினாடியில் எட்டில் ஒரு பங்கு நேரம்தான். அதற்குப் பிறகு காற்றில் கையை நிமிர்த்து என்றால் யாராலும் முடியாது.

இதனால் எவ்வளவு போகிறது என்று ஒரு சின்னக் கணக்கு. வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓடுபவரின் ஓட்ட ஆற்றல் முழுவதும் உயரமாக மாறினால், உடலின் எடை மையம் சுமார் 3.27 மீட்டர் மேலே போகும். 8.5 மீட்டர் என்றால் சுமார் 3.69. அரை மீட்டர் வேக வித்தியாசம், 40 செ.மீ.க்கு மேல் உயர வித்தியாசம்! கால் உள்ளே விழும் ஒவ்வொரு முறையும் இந்த வேகத்தைத்தான் கோலின் முட்டலில் தொலைக்கிறீர்கள். உக்ரைன் போல் வால்ட் வீரர் செர்கே புப்காவின் கோச் விட்டாலி பெட்ரோவ், கோல் பின்சுவரில் முட்டும் முன்பே கால் தரையை விட்டுவிட வேண்டும் என்று வற்புறுத்தியதும் இதற்காகத்தான். புப்கா 1994-ல் 6.14 மீட்டர் தாண்டினார்.

சரி, கால் ஏன் உள்ளே போகிறது? ‘ஓட்டம் புறப்படும் குறியைப் பின்னால் தள்ளு’ என்பதுதான் வழக்கமாகக் கிடைக்கும் பதில். பாதி நேரம் அது தவறான மருந்து. எழும்புவதற்கு ஆறு காலடி முன்னால், ஓடுபாதையின் ஓரத்தில் ஒரு குறி வையுங்கள். கோச் அங்கேதான் கண் வைக்க வேண்டும். அந்தக் குறியிலேயே பாக்ஸ் பக்கம் தள்ளி வந்தால், புறப்படும் இடத்தைப் பின்னால் நகர்த்துவது சரி. பின்காற்று அடிக்கும் நாளிலும் இப்படி நடக்கும். குறியில் சரியாக வந்தும் கடைசியில் கால் உள்ளே விழுந்தால், கடைசி ஆறு அடிகளில் எட்டிப்போட்டு ஓடுகிறீர்கள் என்று பொருள். அப்போது பின்னால் நகர்ந்தால் இன்னும் அதிகமாக எட்டுவீர்கள். பெரும்பாலும் இதற்குக் காரணம் கோலைத் தாமதமாகத் தூக்குவது. எழும்பும் அடியோடு சேர்த்துக் கடைசி மூன்று அடிகளுக்குள் கை இடுப்பிலிருந்து முகத்தருகே வந்து தலைக்கு மேல் முழுதாக நீள வேண்டும். அந்த மூன்று அடிக்கு ஒரு வினாடிகூட ஆகாது. கை தாமதித்தால் கால் அதற்காகக் காத்திருக்கும், அடி நீளும்.

இனி கோச்சோடு பேசும் முறை. என் அனுபவத்தில் தொழில்நுட்பத்தைவிட இங்கேதான் அதிகம் கெடுகிறது. ஒரு பயிற்சி நாளுக்கு ஒரே ஒரு திருத்தம் கேளுங்கள்: “இன்னைக்கு என் கால் விழுற இடத்தை மட்டும் பாருங்க சார், மத்ததை அப்புறம் பேசலாம்.” நல்ல கோச் கோபித்துக்கொள்ள மாட்டார். தாண்டி முடித்ததும் அவர் சொல்வதற்கு முன், கால் எங்கே விழுந்தது என்று நீங்கள் ஊகித்துச் சொல்லுங்கள். அப்புறம் அவர் அளந்ததைச் சொல்லட்டும். இரண்டுக்கும் உள்ள இடைவெளி குறையக் குறைய, ஓடும்போதே உங்களுக்குத் தெரிய ஆரம்பிக்கும். ஒவ்வொரு தாண்டலுக்கும் திருத்தம் கேட்டுப் பழகியவர், போட்டியில் தனியாக நிற்கும்போது தடுமாறுவார். அதனால் சில தாண்டல்களுக்கு ஒன்றும் சொல்லாமல் இருக்கவும் கேட்டுக்கொள்ளுங்கள்.

திருத்தத்தின் சொற்களும் முக்கியம். ‘முழங்கையை நேராக்கு’ என்றால் மனம் உடலுக்குள் போய் இறுகிவிடும். ‘கோலை வானத்தைப் பார்த்துத் தள்ளு’ என்று வெளியே ஓர் இலக்கைக் கொடுத்தால் உடல் தானே வழி கண்டுபிடிக்கும்.

வீடியோவை மெத்தைக்குப் பின்னால் நின்று எடுத்தால் குறுக்குக்கம்பிதான் தெரியும், குறை தெரியாது. எழும்பும் இடத்துக்கு நேர் பக்கவாட்டில், தள்ளி நின்று, இடுப்பு உயரத்தில், ஸ்லோ மோஷனில் எடுங்கள். மேல் கையும் கால் நுனியும் ஒரே சட்டத்தில் இருக்க வேண்டும். கால் ஊன்றிய கணத்தில் நிறுத்தி, கையிலிருந்து கீழே ஒரு கோடு இழுத்துப் பாருங்கள்.

பயிற்சிக்கு முழு ஓட்டம் வேண்டாம். சில வாரங்கள் ஆறு காலடி ஓட்டம், தாழ்ந்த பிடி, கோல் வளையாமல் எழும்புதல், இவ்வளவு போதும். குறுக்குக்கம்பியே வைக்க வேண்டாம். அது இருந்தால் கண் அங்கே போய்விடும்.

கால் சரியாக விழத் தொடங்கியதும் ஒரு மாற்றம் வரும்: கோல் வேகமாக நிமிர்ந்து உங்களை மெத்தையில் உள்ளே தள்ளிப் போடும். அப்போது முதலில் குறுக்குக்கம்பியின் தாங்கிகளை மெத்தைப் பக்கமாகப் பின்னால் நகர்த்தச் சொல்லுங்கள். 80 செ.மீ. வரை விதி அனுமதிக்கிறது. அதுவும் போதாவிட்டால் பிடியை 5 செ.மீ. உயர்த்துங்கள். கடினமான கோலுக்கு மாறுவது அதற்கு அடுத்ததுதான், அதை கோச் முடிவு செய்யட்டும். எவ்வளவு எடையுள்ளவருக்கு ஏற்றது என்று கோலில் குறித்துள்ள அளவு உங்கள் எடையைவிடக் குறைவாக இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். கோல் நிமிராமல் ஓடுபாதைப் பக்கமே திரும்பினால், அன்றைக்குப் பிடியை உடனே இறக்கிவிடுங்கள்.