பணம் தேடும் இயக்குநர், சிரிக்க வைக்கும் கதை: வாசகர் கேள்வி – பதில்

சின்ன முதலீட்டுப் படங்கள் பற்றிய கேள்விகளில் இம்முறை வடசென்னை வாசகர்களின் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

முதல் படத்துக்குப் பணம் தேடி அலையும் ஒரு உதவி இயக்குநரைப் பற்றிக் காமெடி ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறேன். முழுக்க வியாசர்பாடி, காசிமேடு, ராயபுரத்தில் நடக்கிறது. மொத்தம் 140 பக்கம். “சினிமாவைப் பற்றிய சினிமா ஓடாது” என்கிறார்கள். விட்டுவிடலாமா?
– வாசகர், வியாசர்பாடி

விடாதீர்கள். இதைச் சினிமாவைப் பற்றிய கதையாக நினைக்காமல், கடன் கேட்கப் போகிறவனின் கதையாக எழுதுங்கள். ஸ்கூல் ஃபீஸுக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் அடுத்தவர் வாசலில் நின்ற அனுபவம் இல்லாத வீடு குறைவு. ஷாட், லென்ஸ், உலக சினிமா என்று கதாநாயகன் பேசும் வசனங்களில் முக்கால்வாசியை வெட்டினாலும் கதைக்கு ஒன்றும் ஆகாது.

சிரிப்பு இருக்குமிடம் நிபந்தனை. ஒரு தாளில் மூன்று கட்டம் போடுங்கள்: யாரிடம் கேட்டான், எவ்வளவு கிடைத்தது, பதிலுக்கு என்ன கேட்டார்கள். உதாரணமாக, ஐஸ் ஃபேக்டரி முதலாளி 2 லட்சம் தருகிறார், கிளைமாக்ஸில் அவருடைய ஐஸ் வண்டி வர வேண்டும். மீன் ஏலம் விடும் அக்கா 1 லட்சம் தருகிறார், படத்தில் ஒருத்தரும் சாகக் கூடாது. பெரம்பூர் மாமா 75,000 தருகிறார், கதாநாயகன் செத்தே ஆக வேண்டும், அப்போதுதான் ஜனம் அழும். கேரம் கிளப் செயலாளர் 50,000 தருகிறார், ஹீரோ கேரம் சாம்பியனாக இருக்க வேண்டும். சேர்ந்தது 4 லட்சத்து 25 ஆயிரம். அதற்குள் அவன் எழுதி வைத்திருந்த கதை காணாமல் போய்விட்டது. அக்காவும் மாமாவும் ஒரே நாளில் ஷூட்டிங் பார்க்க வருகிறார்கள். அங்கே வையுங்கள் இடைவேளையை.

பின்னால் எந்தக் காட்சியையும் மாற்றாத நிபந்தனை தாளில் இருந்தால் அந்தக் கட்டத்தை அடியுங்கள், காட்சியும் போகட்டும். தொகையைச் சொல்லாமல் “கொஞ்சம் பணம்” என்று எழுதியிருந்தால் அந்த இடத்தில் சிரிப்பு வராது. 50,000 கேட்டுப் போனவனுக்கு 500 ரூபாயும் ஒரு டீயும் கிடைத்தது என்றால் வரும்.

நீளத்தைப் பற்றி: ஒரு பக்கம் சுமாராக ஒரு நிமிடம். காமெடிக்கு 140 நிமிடம் அதிகம், 105 பக்கத்துக்குக் கொண்டு வாருங்கள். நாளைக்கு 5 பக்கம் எடுப்பதாக வைத்தால் 35 பக்கம் குறைவது 7 நாள் ஷூட்டிங் மிச்சம். நீங்கள் தேடும் பணத்தில் கணிசமான பகுதி உங்கள் ஸ்கிரிப்டுக்குள்ளேயே இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லார் வாயிலும் “இன்னாபா” வைக்காதீர்கள். காசிமேட்டு மீனவர் பேச்சு வேறு, பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸ் பேச்சு வேறு, சௌகார்பேட்டை சேட்டின் தமிழ் வேறு. வடசென்னை என்றால் கத்தி, கஞ்சா என்று பார்த்துப் பார்த்து அந்த ஊர்க்காரர்களுக்கு அலுத்துவிட்டது. கேரமும் ஃபுட்பாலும் பாக்ஸிங்கும் ஊறிப்போன தெருக்களை ஒரு காமெடியில் பார்க்க அவர்கள் ஆசையாகக் காத்திருக்கிறார்கள்.

25 லட்சத்தில் முடியுமா? எதற்கு எவ்வளவு ஒதுக்குவது?
– வாசகர், திருவொற்றியூர்

18 நாள் ஷூட்டிங், 22 பேர் யூனிட், செட் கிடையாது, தெரிந்த முகம் கிடையாது என்றால் முடியும். நூற்றுக்கு 55 ஷூட்டிங்குக்கு, 30 எடிட்டிங்கிலிருந்து மிக்ஸிங் வரையான வேலைக்கு, 5 சென்சார், பதிவு, வக்கீல் செலவுக்கு, 10 எதிர்பாராததற்கு. இந்த 30-ஐத் தனி வங்கிக் கணக்கில் போட்டு, ஷூட்டிங் முடியும் வரை தொடாதீர்கள். பாதியில் நிற்கும் சின்னப் படங்கள் பலவும் நிற்பது ஷூட்டிங்கில் இல்லை, சவுண்டு மிக்ஸிங்கும் டிஐயும் (படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் வேலை) பாக்கி இருக்கும்போது. அந்த நேரத்தில் கையில் பணமும் இருக்காது, புதிதாகத் தர ஆளும் வராது.

சாப்பாட்டைத் தோராயமாகப் போடாதீர்கள். டிஃபன், மதியச் சாப்பாடு, இரண்டு வேளை டீ, இரவு டிஃபன் எல்லாம் சேர்த்துத் தலைக்கு 350 என்றால் 22 பேருக்கு 7,700. 18 நாளுக்கு 1,38,600. வேடிக்கை பார்க்க வந்து கூட்டத்தில் நிற்கும் தெருக்காரர்களுக்கும் சாப்பாடு போட வேண்டியிருக்கும், அது தனி.

பட்ஜெட்டில் விட்டுப்போவது ஹார்டு டிஸ்க். நாளைக்கு 400 ஜிபி வந்தால் 18 நாளில் 7.2 டிபி. இரண்டு காப்பி கட்டாயம் வேண்டும், இரண்டும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. இரண்டு காப்பியையும் சரிபார்க்காமல் கேமராவின் மெமரி கார்டை அழிக்க யாரையும் விடாதீர்கள், ராத்திரி எத்தனை மணி ஆனாலும் சரி.

சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள் 40 பேர் தலைக்கு 25,000 தரத் தயார். சிலர் லாபத்தில் பங்கு கேட்கிறார்கள், சிலர் மாத வட்டி கேட்கிறார்கள். எப்படி எழுதி வாங்குவது?
– வாசகி, கொருக்குப்பேட்டை

நல்ல மனசுள்ள தெரு, அம்மா. ஜனங்கள் பணம் போட்டுப் படம் எடுப்பது நம் நாட்டுக்குப் புதிதில்லை. 1976-இல் வந்த ‘மந்தன்’ குஜராத் பால் கூட்டுறவு விவசாயிகள் 5 லட்சம் பேர் தலைக்கு 2 ரூபாய் கொடுத்து உருவானது. 2013-இல் வந்த கன்னடப் படம் ‘லூசியா’வும் பார்வையாளர்கள் போட்ட பணத்தில் எடுக்கப்பட்டதுதான்.

முதலில் மாத வட்டிப் பேச்சை நிறுத்துங்கள். பொதுமக்களிடம் பணம் வாங்கி நிச்சயமான வருமானம் தருவதாகச் சொன்னால் அது டெபாசிட் ஆகிவிடும். 1997-இன் தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும், முறைப்படுத்தப்படாத டெபாசிட்டுகளைத் தடை செய்யும் 2019-இன் மத்தியச் சட்டமும் இதற்கென்றே இருக்கின்றன. படம் எடுக்க வாங்கினேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. பங்கு தருவதென்றால் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி பதிவு செய்து முறையாகப் பங்கு ஒதுக்குவதுதான் சுத்தமான வழி. கம்பெனிச் சட்டம் 200 பேர் வரை உறுப்பினராக இடம் கொடுக்கிறது, உங்களுக்கு 40 பேர்தான். வாங்குவதற்கு முன்பே ஆடிட்டரைப் பாருங்கள், வாங்கிய பிறகு பார்த்துப் பயன் குறைவு.

கடனாகத் தருகிறவரிடம் 20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கக் கூடாது. அன்பளிப்பாகத் தந்தால், நெருங்கிய உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு வருடத்தில் வந்தது மொத்தம் 50,000-ஐத் தாண்டினால் முழுத் தொகைக்கும் வருமான வரி உண்டு. ஆகவே தனியாக ஒரு கரண்ட் அக்கவுன்ட் திறந்து, ஒவ்வொரு ரூபாயும் அதன் வழியாகவே வரட்டும், போகட்டும்.

ஒப்பந்தத்தில் வரிசை தெளிவாக இருக்க வேண்டும். படத்துக்கு வரும் பணத்தில் முதலில் வரியும் வெளியீட்டுச் செலவும், அடுத்து ஸ்டுடியோ பாக்கி, அடுத்து போட்டவர்களின் அசல், கடைசியில் மிஞ்சுவதில் பாதி அவர்களுக்கு, பாதி படம் எடுத்தவர்களுக்கு. 40 பேர் போட்டது 10 லட்சம். படத்துக்கு 14 லட்சம் வந்து, வரி, செலவு, பாக்கி 2 லட்சம் போனால் 12 லட்சம். அசல் 10 போக 2 லட்சம் மிஞ்சும். அதில் பாதி 1 லட்சம், தலைக்கு 2,500. அதாவது 25,000 போட்டவருக்கு 27,500. இதை ஒவ்வொருவர் வீட்டிலும் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டுங்கள். ஒன்றுமே வராமலும் போகலாம் என்பதை அதே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அந்த வரியைப் படித்துவிட்டுப் பின்வாங்குகிறவரிடம் வாங்கவே கூடாத பணம் அது. மகள் கல்யாணத்துக்கு வைத்ததாக இருக்கும்.

படத்தின் உரிமையை யாருக்காவது எழுதிக் கொடுக்கும்போது காலமும் இடமும் குறிப்பிடுங்கள். காப்புரிமைச் (காப்பிரைட்) சட்டப்படி, காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் எடுத்துக்கொள்வார்கள்.

கடைசி நேரத்தில் ஒரு லட்சம் குறைகிறது. தண்டல் வாங்கிச் சமாளிக்கலாமா?
– வாசகர், புளியந்தோப்பு

வேண்டாம். 10,000 என்று சொல்லி 8,500 கையில் தந்து, தினம் 100 வீதம் 100 நாள் வசூலிப்பதை ஆண்டுக் கணக்கில் பார்த்தால் வட்டி 120 சதவீதம் அளவுக்கு வருகிறது. தினமும் கல்லாவில் காசு விழும் தள்ளுவண்டிக்காரருக்கே அது பாரம். படத்தில் 100 நாளில் ஒரு பைசா திரும்பாது. ஒரு லட்சம் குறைந்தால் ஒரு லட்சத்துக்கான காட்சியை வெட்டுங்கள்.

காசிமேடு துறைமுகத்தில் ஏலக் காட்சியும், ராயபுரம் ஸ்டேஷனில் ஒரு காட்சியும் இருக்கின்றன. அனுமதி, சவுண்டு இரண்டுக்கும் என்ன செய்வது?
– வாசகர், காசிமேடு

காலண்டரிலிருந்து தொடங்குங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஃபைபர் படகுகள் போகும், ஆனால் பெரிய ஏலம் இருக்காது. நிஜமான ஏலக் கூட்டம் வேண்டுமென்றால் தடைக்கு முன்பே விடியற்காலையில் எடுத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நெரியும், வசனக் காட்சிக்கு ஆகாது. படகில் உட்கார்ந்து பேசும் காட்சிகளைத் தடைக்காலத்துக்கு வைத்தால் படகுகள் வரிசையாகக் கரையில் நிற்கும், எஞ்சின் ஓடாது, சொந்தக்காரர்களும் நின்று பேசுவார்கள். அது அவர்களுக்கு வருமானம் இல்லாத காலம். படகுக்கும் ஆளுக்கும் பேசிய தொகையை அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.

மீன்வளத் துறை, துறைமுக ஆணையம், காவல் நிலையம் மூன்றுக்கும் தேதி, நேரம், ஆள் எண்ணிக்கை, வண்டி எண்ணிக்கை எழுதிய கடிதம் போக வேண்டும். அதோடு படகு உரிமையாளர் சங்கத்திலும் ஏலம் விடுகிறவர்களிடமும் நேரில் பேசுங்கள். தாளில் அனுமதி இருந்தாலும் அவர்கள் முகம் கொடுக்காவிட்டால் அங்கே ஒரு ஷாட் நகராது.

ராயபுரம் ஸ்டேஷன் 1856-இல் திறந்தது, தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம். உள்ளே எடுக்கத் தெற்கு ரயில்வேயிடம் ஸ்கிரிப்டோடு விண்ணப்பிக்க வேண்டும், கட்டணமும் முன்பணமும் உண்டு. தெரியாமல் போனில் எடுத்துவிடலாம் என்ற யோசனை வேண்டாம். ஓடிடிக்காரர்கள் ஒவ்வொரு இடத்துக்கும் அனுமதிக் கடிதம் கேட்கும்போது அந்தக் காட்சியே விற்பனையை முடக்கும். உங்கள் காட்சியில் இருவர் பணத்தைப் பற்றிப் பேசத்தான் செய்கிறார்கள். ஸ்டேஷனுக்கு வெளியே டீக்கடையில் வைத்தாலும் அறிவிப்புக் குரல் கேட்கும்.

சவுண்டு: காமெடியில் முடிந்தவரை வசனத்தை லைவாக, ஷூட்டிங்கிலேயே பதியுங்கள். சிரிப்பை வரவைக்கும் அந்த அரை நொடி இடைவெளி டப்பிங் தியேட்டரில் திரும்பக் கிடைக்காது. காசிமேட்டில் பகை மூன்று: ஐஸ் உடைக்கும் மெஷின், கன்டெய்னர் லாரி, காற்று. காலர் மைக்கைச் சட்டைக்குள் ஒட்டும்போது துணி உரசாமல் இரண்டு பக்கமும் டேப் போடுங்கள். ஒவ்வொரு காட்சியும் முடிந்தவுடன், நடிகர்கள் அங்கேயே, அதே மூச்சோடு, கேமரா இல்லாமல் வசனத்தை இரண்டு முறை சொல்லட்டும். பிறகு எல்லாரும் வாயை மூடி ஒரு நிமிடம் அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் பதியுங்கள். லாரி ஹாரன் விழுந்த வார்த்தையை எடிட்டர் மாற்றிப் போட இது இரண்டும்தான் உதவும்.

உப்புக்காற்றில் லென்ஸைத் திறந்த வெளியில் மாற்றாதீர்கள், வேனுக்குள் மாற்றுங்கள். காட்சியில் ஆடோ நாயோ நடித்தால் விலங்குகள் நல வாரியத்தின் அனுமதி ஷூட்டிங்குக்கு முன்பே வேண்டும். சென்சாரில் அந்தக் கடிதத்தைக் கேட்பார்கள்.

அரசு உதவி ஏதாவது உண்டா? வெளியூர் திரைப்படச் சந்தைகளுக்குப் போகலாமா?
– வாசகர், எண்ணூர்

சிறு முதலீட்டில் எடுத்த தரமான தமிழ்ப் படங்களுக்குத் தமிழக அரசு 7 லட்சம் மானியம் தந்திருக்கிறது. படம் முடிந்து, தேர்வுக் குழு பார்த்த பிறகு வரும் பணம் அது. பட்ஜெட்டில் வரவாக எழுதி வைத்துக்கொண்டு ஷூட்டிங் கிளம்பாதீர்கள்.

மத்திய அரசின் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் (என்.எஃப்.டி.சி.) 2007 முதல் கோவாவில் திரைப்பட விழாவை ஒட்டி, வழக்கமாக நவம்பரில், ஃபிலிம் பஜார் (2025 முதல் வேவ்ஸ் ஃபிலிம் பஜார்) என்ற சந்தையை நடத்துகிறது. ஸ்கிரிப்ட் நிலையில் இருப்பவர்களுக்குக் கூட்டுத் தயாரிப்புச் சந்தை, எடிட்டிங் நிலையில் இருப்பவர்களுக்குத் தனிப் பட்டறை. விண்ணப்பம் சில மாதம் முன்பே முடிந்துவிடும். ஒரு பக்கக் கதைச் சுருக்கம், பட்ஜெட், இதுவரை சேர்ந்த பணத்தின் கணக்கு, மூன்று நிமிட மாதிரிக் காட்சி தயாராக இருக்கட்டும். மாதிரிக் காட்சியை உங்களைத் தெரியாத 15 பேருக்குப் போட்டு, எந்த நொடியில் சிரித்தார்கள் என்று குறியுங்கள். நண்பர்கள் சிரிப்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஆங்கில சப்டைட்டிலில் பஞ்ச் வசனம் நடிகர் சொல்வதற்கு முன்பே திரையில் வந்துவிடாமல் இரண்டாகப் பிரித்துப் போடுங்கள்.

கதையைப் பத்துப் பேரிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. திருடிவிட்டால்?
– வாசகி, தண்டையார்பேட்டை

கருவுக்குக் காப்புரிமை கிடையாது, எழுதிய வடிவத்துக்குத்தான். முழு ஸ்கிரிப்டையும் காப்புரிமை அலுவலகத்தில் ஆன்லைனில் பதியக் கட்டணம் 500 ரூபாய். தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்திலும் பதியலாம். யாரிடம் எந்தத் தேதியில் சொன்னீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி, அன்று இரவே “இன்று கதை கேட்டதற்கு நன்றி” என்று கதையின் பெயரோடு ஒரு மெயில் அனுப்பிவிடுங்கள். கேட்டவர் பதில் போட்டால் அதையும் பத்திரப்படுத்துங்கள்.